செம்மண் பொட்டலில் யார் சிக்ஸர் எடுபடும்? கெயில், ரோகித், தோனி, டிவில்லியர்ஸ்

பொங்கல் நெருங்கினால் காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டைப் பக்கத்துப் பொட்டல்களில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் களைகட்டும். கூடவே அந்தப் பழைய வாக்குவாதமும்: சிக்ஸர் அடிப்பதில் யார் பெரிய ஆள்?

கணக்கைப் பார்த்தால் ரோகித் சர்மாதான். சர்வதேச சிக்ஸரில் வெஸ்ட் இண்டீஸின் கெயில் அடித்த 553-ஐ 2023 அக்டோபரில் டெல்லியில் தாண்டினார். ஒருநாள் போட்டியில் பாகிஸ்தானின் அஃப்ரிடி அடித்த 351-ஐ 2025 நவம்பரில் ராஞ்சியில் தாண்டினார். அஃப்ரிடி அதை எட்ட 398 ஆட்டம் ஆடினார். கெயிலோ 301 ஆட்டத்திலேயே 331 அடித்துவிட்டார். அதனால் ஆட்டக் கணக்கில் அஃப்ரிடியைவிடக் கெயில் ஒரு படி மேல். ஆனால் நம்ம பொட்டலில் யாரைப் பார்த்து ஆடுவது என்று கேட்டால் பதில் வேறு.

முதலில் தரை. செம்புறாங்கல் கலந்த இறுகிய மண். வெயிலில் காய்ந்துவிட்டால் குட் லெங்த்தில், அதாவது பேட்ஸ்மேனுக்குச் சற்று முன்னால், குத்தின டென்னிஸ் பந்து நெஞ்சுக்கு ஏறும். அடுத்தது எடை. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 58 கிராம்தான். லேசான பந்தைக் காற்று சீக்கிரம் பிடித்து நிறுத்திவிடும், பட்டதும் அமுங்கி வேகத்தையும் தின்றுவிடும். கனமான பேட்டால் பெரிய லாபமில்லை, சுழற்றுகிற வேகம்தான் பந்தைக் கொண்டுபோகும்.

கெயில் முன்காலை லெக் சைடுக்கு விலக்கி, தலையை அசைக்காமல், நீண்ட கையை முழுசாக வீசுவார். 2013 ஐ.பி.எல்லில் பெங்களூரில் புனே வாரியர்ஸுக்கு எதிராக 66 பந்தில் 175 நாட் அவுட், 17 சிக்ஸர் அடித்த ஆள் அவர். இங்கே பந்து ஏறிவருவதால் பேட்டின் மேல்பகுதியில் பட்டு நேரே மேலே கொடியேறிவிடும். தரையில் குத்தாமல் வரும் புல்டாஸுக்கும், ஸ்லாட்டில், அதாவது வீச்சுக்கு வாகாக, விழுகிற பந்துக்கும் மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவின் டிவில்லியர்ஸை நான் கடைசியில்தான் வைப்பேன். 2015-ல் ஜோகன்னஸ்பர்க்கில் 31 பந்தில் சதம், 44 பந்தில் 149, அதில் 16 சிக்ஸர்: மனிதக் கணக்கில் சேராத ஆட்டம். ஆனால் பந்தைக் கீப்பர் பக்கம் பின்னால் தூக்கிவிடுகிற அவருடைய ஸ்கூப், பவுலரின் வேகத்தைக் கடன் வாங்கி ஆடுவது. மிதவேகத்தில் வருகிற டென்னிஸ் பந்தை மண்டியிட்டுத் தள்ளினால் பைன் லெக் கையில் விழும். ஹெல்மெட்டும் கிடையாது, வாயில் வாங்க வேண்டாம்.

நெஞ்சுக்கு ஏறுகிற பந்துக்கு லெக் சைடுக்கு இழுத்து அடிக்கிற ரோகித்தின் புல் ஷாட்டை விஞ்ச எதுவுமில்லை. லெங்த்தைச் சட்டென்று கண்டுபிடிப்பதில்தான் அவர் வித்தை. எடை பின்காலுக்குப் போகும், கை உயர்ந்தே இருக்கும், பந்து உடம்புக்கு முன்னாடியே மாட்டும். ஒரு நொடி தாமதித்தால் டாப் எட்ஜ், கீப்பர் தலைக்கு மேலே கொடி. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை இழுத்து அடித்தால் மிட் ஆனுக்கு லட்டு கேட்ச். லெக் ஸ்டம்பு வரிசையில் வருவதை மட்டும் புல் ஆடுங்கள்.

கடைசி ஓவருக்குத் தோனி. 2011 உலகக் கோப்பை இறுதியில் இலங்கையின் குலசேகராவை லாங் ஆனுக்கு மேலே தூக்கினாரே, அந்த மணிக்கட்டு. காலடியில் குத்துகிற யார்க்கர் போடுகிற பவுலர் வந்தால் கிரீஸுக்குள் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். யார்க்கர் அரைவாலியாக, அதாவது குத்தி எழும்போதே அடிக்க வாகாக, விழும். கீழ்க்கை இறுகட்டும், பந்து முன்பாதத்துக்குச் சற்று முன்னால் படட்டும், பேட் தலைக்கு மேலே சுற்றி முடியட்டும். தலை ஆஃப் பக்கம் சாய்ந்தால் லெக் ஸ்டம்பு பறந்துவிடும்.

தை மாதத்தில் வாடை வடக்கிலிருந்து அடிக்கும், தூக்கின பந்தைத் தெற்கே தள்ளும். ஒரே முனையிலிருந்து பந்து போடுகிற பொட்டல் என்றால், லெக் சைடு தெற்கே அமைகிற பேட்ஸ்மேன் வலக்கையா இடக்கையா என்று பார்த்து இறக்குங்கள். டாஸ் போடுவதற்கு முன்பே ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.