தொளதொள லோபபெய்சா: பிரிப்பதா, வெட்டுவதா?

லோபபெய்சா என்னும் ஐஸ்லாந்துக் கம்பளி ஸ்வெட்டரை, முன்பக்கம் திறக்கும் கார்டிகனாகப் பின்னி முடித்துப் போட்டுப் பார்த்தால் தொளதொளவென்று தொங்குகிறதா?

நேரம்: பிரித்துப் பின்ன வாரக்கணக்கு ஆகும். பக்கவாட்டில் தைத்து வெட்ட ஒரு மாலை போதும்.

நூல்: லோப்பி என்னும் இந்த ஐஸ்லாந்துக் கம்பளி நூல் முறுக்குக் குறைந்தது. பிரிக்கும்போது இழைகள் ஒன்றையொன்று கவ்வும், வெடுக்கென்று இழுத்தால் அறும். (அறுந்த முனைகளை நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும், அது ஒரு ஆறுதல்.) அந்தக் கவ்வல்தான் வெட்டும்போது காப்பாற்றுகிறது. இரண்டு வரி மிஷின் தையல் போட்டு நடுவே கத்தரித்தால் கண்ணிகள் ஓடாது. முன்பக்கத் திறப்பையே அப்படித்தான் வெட்டுகிறார்கள்.

மனமாற்றம்: வெட்டியபின் வழியில்லை.

தோள் வட்டப் பூவேலை பெரிதாகிவிட்டால் கத்தரி உதவாது. கழுத்திலிருந்து பிரித்து, 4.5 மி.மீ. ஊசிக்குப் பதில் 4 மி.மீ. எடுங்கள். இடுப்பு மட்டும்தான் தொல்லை என்றால், நான் கத்தரிக் கட்சி.