மோரிகோனேயின் இன்னொரு முகம்: நுவோவா கொன்சொனான்ஸா பதிவுகள், தருமபுரி வீட்டில் கேட்க

கௌபாய் படங்களின் விசில் இசையால் இத்தாலிய இசையமைப்பாளர் எண்ணியோ மோரிகோனேயை நமக்குத் தெரியும். அதே காலத்தில் அவர் ரோமில் ஒரு சிறு குழுவில் டிரம்பெட்டோடு உட்கார்ந்து, மருந்துக்குக்கூட மெட்டு வைக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். 1964இல் இசையமைப்பாளர் ஃபிராங்கோ எவாஞ்செலிஸ்டி தொடங்கிய அந்தக் குழுவின் பெயர் நுவோவா கொன்சொனான்ஸா. உறுப்பினர்கள் அனைவரும் இசையமைப்பாளர்கள். எழுதிவைத்த தாள் கிடையாது. கூடி வாசிக்கும்போதே இசை உருவாகும்.

நம் கச்சேரி மனோதர்மத்துக்கு ராகமும் தாளமும் காவல். இவர்கள் இரண்டையும் விலக்கினார்கள். தனி ஆவர்த்தனம்போல ஒருவர் முன்னால் வருவதும் இல்லை. பியானோ தந்திகளின் நடுவே பொருட்களைச் செருகி, சுருதியைக் கெடுத்துத் தட்டுகிறார்கள். சிம்பலை வில்லால் இழுக்கிறார்கள். டிரம்பெட்டில் சுரத்தைவிடக் காற்றும் உறுமலும்தான் அதிகம். முதல் தடவை கேட்பவர் “எது என்ன வாத்தியம்?” என்று தேடுவார். அது வேண்டாம். ஒரு ஒலி எழுந்ததும் யார் ஒதுங்கி வழிவிடுகிறார், யார் அதன்மேல் மெல்லிய இன்னொன்றை வைக்கிறார் என்று கவனியுங்கள். கூத்தில் முகவீணைக்கு மிருதங்கக்காரர் இடம்விடுவதைக் கேட்டுப் பழகிய பென்னாகரம் காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

தொடங்க ஏற்ற தட்டு 1970இல் வந்த ‘தி ஃபீட்-பேக்’. மூன்றே தடங்கள். குழு தன் வழக்கத்தை மீறி டிரம்ஸை ஓடவிட்ட பதிவு இது. அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டே மேலே நடக்கும் கீறல்களையும் முனகல்களையும் கேட்கலாம். ஆனால் இதோடு நிறுத்தினால் குழுவைத் தவறாகப் புரிந்துகொள்வோம். ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனமான டாய்ச்ச கிராமஃபோன் 1969இல் வெளியிட்ட ‘இம்ப்ரொவிசாட்சியோனென்’ தட்டில்தான் உண்மையான கட்டுப்பாடு தெரிகிறது. சத்தம் குறைவு, இடைவெளி அதிகம். எங்கள் மதிப்பில் இவர்களின் ஆகச் சிறந்த பதிவு இதுவே.

இடைவெளி அதிகம் என்பதால்தான் வீட்டில் சிக்கலும். மின்விசிறி இரைச்சலும் நெடுஞ்சாலை லாரிச் சத்தமும் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். போன் ஸ்பீக்கரில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அடிநாதம் காணாமலே போகும். சிறிய புளூடூத் ஸ்பீக்கர்கள் பல, பெரிய ஒலியை அழுத்திச் சின்ன ஒலியை உயர்த்துகின்றன; எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்போது இந்த இசையில் மிச்சம் எதுவும் இருக்காது. காதை முழுதாக மூடும் ஒயர் ஹெட்போன் போதும். ஆப்பில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். அதிகம் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3யில் சிம்பலின் உயர்ந்த இழைகள் நீர்த்துப்போகும். ஒலி இழப்பில்லாமல் சுருக்கிய ஃப்ளாக் (FLAC) கோப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்பவர்கள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் ஒவ்வொரு தட்டலும் எதிரொலித்து அடுத்த ஒலியின்மேல் விழும். தடிமனான திரையும், எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்த பஞ்சு மெத்தையும் அதைக் கணிசமாகக் குறைக்கும். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் ஓடினால் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் சேரக்கூடும். புதிதாகக் கேட்பவர் அதையும் இசையென்றே எடுத்துக்கொள்வார். பாட்டை நிறுத்தியும் உறுமல் நிற்காவிட்டால் அது இசையல்ல; பெரும்பாலும் குற்றவாளி இன்வெர்ட்டர்தான்.

தட்டு வாங்க தருமபுரி, கிருஷ்ணகிரியில் கடை தேட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் சேரும். டிஜிட்டலாக வாங்குவதே கட்டுப்படியாகும். விதிவிலக்கு ‘அட்ஸியோனி’ தொகுப்பு: 1967–69 பதிவுகள் இரண்டு சிடியில், கூடவே 1967இல் எடுத்த ஆவணப்படம் டிவிடியில். எந்தக் கை எந்த ஒலியை எழுப்புகிறது என்று கண்ணால் பார்த்தபின் மற்றத் தட்டுகள் தெளிவாகும். அதற்குக் காசு கொடுக்கலாம்.

1976இன் ‘மூசிக்கா சு ஸ்கேமி’யைக் கடைசிக்கு வையுங்கள். அதில் ஜியாசிந்தோ ஷெல்சிக்கு மரியாதையாக ஒரு தடம் உண்டு. ஒற்றைச் சுரத்துக்குள்ளேயே உழன்ற இசையமைப்பாளர் ஷெல்சி. தம்புராவோடு வளர்ந்தவர்கள் அந்தத் தடத்தை இருமுறை கேட்பார்கள்.