ஜோடிக் கணக்கா, டாலர் கணக்கா? காலணியில் இந்தியாவும் வியட்நாமும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறையும்போதெல்லாம் அடிபடும் பெயர் வியட்நாம். அந்த நாடு நம்மை முந்திவிட்டது என்கிறார்கள். எதில் முந்தியது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

ஜோடிகளை எண்ணினால் நாம்தான் மேலே. இந்தியா ஆண்டுக்கு 250 கோடி ஜோடிக்கு மேல் செய்கிறது. சீனாவுக்கு அடுத்த இடம். வியட்நாம் சுமார் 140 கோடி. ஆனால் நம்முடையதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்கிறது. ஹவாய் செருப்பும் ஒரு ஜோடிதான், ஆம்பூரில் தைத்த தோல் பூட்ஸும் ஒரு ஜோடிதான். இந்தக் கணக்கை வைத்துப் பெருமைப்பட்டுப் பயனில்லை.

ஏற்றுமதி டாலரைப் பாருங்கள். 2000 வாக்கில் வியட்நாமின் காலணி ஏற்றுமதி சுமார் 150 கோடி டாலர். நம்முடைய தோல், தோல் பொருள், காலணி எல்லாம் சேர்ந்து 200 கோடியை ஒட்டி இருந்தது. 2022-ல் அவர்கள் 2,300 கோடியைத் தாண்டினார்கள். 2022-23-ல் நாம் பை, பெல்ட், கையுறை எல்லாவற்றையும் சேர்த்தும் 530 கோடியைத் தொடவில்லை.

எங்கே பிரிந்தது பாதை? கட்டிங் செக்‌ஷனில் நின்று பார்த்தாலே பாதி புரியும். தோலை மேஜைமேல் விரித்தால் முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் தெரியும். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். நல்ல இடம் ஷூவின் முன்பகுதிக்கு, தழும்பு உள்ளே மறையும் துண்டுக்கு என்று பார்த்துப் பார்த்து டை (துண்டை வெட்டும் அச்சு) வைக்க வேண்டும். ஒரு தோல்போல் இன்னொன்று இருக்காது. துணியும் சிந்தெடிக்கும் ரோலாக வரும். பல மடிப்பாக அடுக்கி ஒரே அழுத்தில் வெட்டலாம். உலகம் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறியபோது வியட்நாம் அந்த ரோலின் பக்கம் போனது. நாம் தோலோடு நின்றோம்.

அரசின் முடிவுகளும் சேர்ந்துகொண்டன. இங்கே தோல் காலணி 2001 வரை சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய ஆலை எழுவது கடினமாக இருந்தது. வியட்நாம் 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் அதன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அப்போது நமக்கு அப்படி ஒன்று இல்லை.

சரி, டாலர் கணக்கு மட்டும் போதுமா? போதாது. வியட்நாம் விற்கும் ஷூவின் மூலப்பொருளில் கணிசமான பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதைக் கழித்தால் மிஞ்சும் மதிப்பு, ஏற்றுமதித் தொகையைவிட நன்றாகவே குறைவு. இங்கோ பச்சைத்தோல் டேனரிக்குள் (தோல் பதனிடும் ஆலை) நுழைந்து, ஷூவின் மேல்பகுதியான அப்பராகி, ஷூவாகி வெளியே போகும் வரை பெரும்பாலான வேலை பாலாற்றங்கரையிலேயே நடக்கிறது. இந்த விஷயத்தில் நம் ஷூவுக்கு மதிப்பு அதிகம் என்பேன். ஆனால் டேனரிக் கழிவால் அதே பாலாறு கெட்டதும், நிலத்தடி நீர் உப்பானதும் எந்த உற்பத்திக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த வியட்நாம் வழி இப்போது பழைய வடாற்காட்டுக்கே வந்திருக்கிறது. செய்யாறில் தைவான் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் ஷூ ஆலை ஏற்கெனவே ஓடுகிறது. பனப்பாக்கம் சிப்காட்டில் ஹாங் ஃபூ என்ற இன்னொரு தைவான் ஷூ கம்பெனியின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்: 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. நம் ஏற்றுமதித் தொகை இதனால் ஏறும். ஆனால் மெஷ் துணி, ஃபோம், சோலுக்கான ரசாயனம் எல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கினால் நமக்கு மிஞ்சுவது தையல் கூலிதான். அவற்றைச் செய்யும் ஆலைகளையும் ஆற்காடு, வாலாஜா பக்கம் இப்போதே கொண்டுவர வேண்டும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கி.