பறக்கும் தட்டு கிளப் நடத்துகிறவர்களுக்கு ஸ்டெல்லேரியம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

யுஎஃப்ஓ (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்), அமானுஷ்யம் என்று ஒரு கிளப் ஆரம்பித்ததும் எல்லோரும் முதலில் கேட்பது என்ன கருவி வாங்கலாம் என்பதுதான். மின்காந்தப் புலம் அளக்கிற மீட்டர், இருட்டில் படம் பிடிக்கிற கேமரா, வெப்பத்தைக் காட்டுகிற கேமரா என்று பட்டியல் நீளும். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஸ்டெல்லேரியத்தை இறக்கி, அதை நன்றாகக் கையாளத் தெரிந்த இரண்டு பேரை உருவாக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். காசு கொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் எங்கள் கிளப்புக்கு இதில் பாதிகூட உதவியதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது ஒரு கோளரங்க மென்பொருள். ஃபாபியன் ஷெரோ 2000-ல் ஆரம்பித்தது, இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 1.0 பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. இடம், நாள், நேரம் கொடுத்தால் அந்த நேரத்தில் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தவர் கண்ணுக்கு வானம் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படியே திரையில் விரிக்கும். ஆறு லட்சத்துக்கும் மேலான நட்சத்திரங்கள், கோள்கள், நிலா எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வானியல் ஆர்வலர்கள் இதைத் தொலைநோக்கிக்குத் துணையாக வைத்திருப்பார்கள். நமக்கு இது விசாரணைக் கருவி.

ஒரு கிளப்பின் உயிர் எங்கே இருக்கிறது? யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி வந்து "நான் ஒன்று பார்த்தேன்" என்று சொல்கிற அந்த இடத்தில்தான். அப்படி வருவதில் பெரும்பாலானவை இரவில் தெரிந்த ஒற்றை வெளிச்சம். பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்த 12,618 தகவல்களில் 701 மட்டுமே கடைசிவரை அடையாளம் காணப்படாதவை. மீதியில் வெள்ளிக் கோளும் பிரகாசமான நட்சத்திரங்களும் விமானங்களும் பலூன்களும் ஏராளம். அந்த 701 மாதிரியானவற்றைத் தேடித்தானே நாம் கூடுகிறோம். அதைக் கையில் பிடிக்க வேண்டுமென்றால் மற்றதை ஒவ்வொன்றாக, பொறுமையாக, ஆதாரத்தோடு ஒதுக்கியாக வேண்டும். அந்தத் திட்டத்துக்கு வானியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக் செய்த வேலையும் பெருமளவு இதுதான். பார்த்ததாகச் சொல்லப்பட்டது ஏதாவது விண்பொருளா என்று சோதிக்கத்தான் அவரை முதலில் கூப்பிட்டார்கள். பிற்பாடு இந்த விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு 1973-ல் தனி ஆய்வு மையமே தொடங்கினார் என்பது வேறு கதை.

நாங்கள் இதைப் பயன்படுத்துகிற முறையைச் சொல்கிறேன். ஆள் பேசி முடிக்கும்வரை லேப்டாப்பைத் திறக்கவே மாட்டோம். முதலில் அவரே தன் வார்த்தையில் சொல்லட்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, கையை நீட்டி, எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் என்று காட்டச் சொல்வோம். நீட்டிய கையில் மூடிய முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அவரே அடுக்கிக் காட்டினால் போதும், உயரம் கிடைத்துவிடும். எவ்வளவு பெரியது என்று கேட்டால் பலரும் நிலா அளவு என்பார்கள். நிலா அரை டிகிரிதான், நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதையும் விரலை வைத்தே காட்டச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தாளில் ஏறி, அவர் கையெழுத்தும் போட்ட பிறகுதான் ஸ்டெல்லேரியம்.

எஃப்6 அழுத்தினால் இடம், எஃப்5 அழுத்தினால் நாளும் நேரமும். பட்டியலில் அந்த ஊர் இல்லையென்றால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் கொடுக்கலாம். திரையில் ஏதாவது ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அதன் பெயர், பிரகாசம், திசைக் கோணம், உயரக் கோணம் எல்லாம் ஓரத்தில் வரும். தாளில் எழுதியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு மிகவும் பிடித்தது நேரத்தை ஓட்டுகிற வசதி: எல் அழுத்தினால் வேகம் கூடும், ஜே குறைக்கும், கே பழையபடி சாதாரண வேகத்துக்குக் கொண்டுவரும். "அது மெதுவாகக் கீழே இறங்கி, கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னால் போய்விட்டது" என்று ஒருவர் சொல்லியிருந்தால், நேரத்தை ஓட்டும்போது அதே திசையில் வெள்ளி அதே மாதிரி இறங்குகிறதா இல்லையா என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதனால் நேரத்தில் ஒரு மணி பிசகினாலும் கணக்கு உதைக்கும். இறங்கியது சரி, ஆனால் இடதும் வலதுமாக ஆடியதே என்பார்கள். இருட்டில் ஒற்றை வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது போலவே தெரியும், எல்லோருக்கும் அப்படித்தான், அதில் பொய் எதுவும் இல்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் கொடுக்கிற பயிற்சி, பிற்பாடு அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர் பார்த்தது. ஜார்ஜியாவின் லியரி என்ற சிறிய ஊரில், லயன்ஸ் கிளப் கூட்டத்தில் பேசப் போயிருந்தபோது மேற்கு வானத்தில் பிரகாசமான ஒன்றை அவரும் கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். 1973-ல், ஆளுநராக இருந்தபோது, அதை எழுத்துபூர்வமாகப் பதிவு செய்தார். அதில் 1969 அக்டோபர் என்று இருந்தது. ராபர்ட் ஷீஃபர் என்ற ஆய்வாளர் லயன்ஸ் கிளப்பின் பதிவேடுகளைத் தோண்டி, உண்மையான நாள் 1969 ஜனவரி 6 என்று கண்டுபிடித்தார். இப்போது ஸ்டெல்லேரியத்தில் முதலில் அக்டோபரைப் போட்டுப் பாருங்கள்: மாலை வானத்தில் வெள்ளி கிடையாது, அது அப்போது விடிவெள்ளி. நாளை ஜனவரி 6-க்கு மாற்றி, இருட்டிய பிறகு மேற்குப் பக்கம் திரும்புங்கள். தென்மேற்கில் தகதகவென்று நிற்கும். நாள் தப்பாக இருந்தால் விசாரணை முழுக்க எப்படித் தடம் மாறும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பயிற்சியின் அடுத்த பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அன்று மாலை ராக்கெட் மூலம் மேல் வளிமண்டலத்தில் விட்ட பேரியம் மேகமாக இருக்கலாம் என்று பிற்பாடு இன்னொரு விளக்கம் வந்தது. ஸ்டெல்லேரியத்துக்கு ராக்கெட் தெரியாது. வெள்ளி அங்கே இருந்தது என்று அது சொல்லும், அவர் பார்த்தது வெள்ளியைத்தான் என்று சொல்லாது. இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாதவரை யாரையும் விசாரணைக்கு அனுப்பக் கூடாது.

குறைகளுக்கு வருகிறேன். எங்களுக்குப் பெரிய சிக்கல் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் சேவையான ஸ்டார்லிங்கின் முதல் 60 செயற்கைக்கோள்கள் போன நாளிலிருந்து "வரிசையாக விளக்குகள் போயின" என்கிற தகவல் குவிகிறது. ஸ்டெல்லேரியத்தில் செயற்கைக்கோள்களைக் காட்டும் செருகுநிரல் இருக்கிறது, சர்வதேச விண்வெளி நிலையம் கடந்துபோகிற நேரமெல்லாம் அழகாக வரும். ஆனால் அது கையில் இருக்கும் சுற்றுப்பாதைத் தரவை வைத்துக் கணக்குப் போடுகிறது, அந்தத் தரவு சீக்கிரமே பழசாகிவிடும். போன வாரம் பார்த்ததற்கு நம்பலாம். போன வருஷம் பார்த்ததற்கு இன்றைய தரவோடு ஓட்டினால் வருகிற இடம் தப்பாகத்தான் இருக்கும், அதை ஆதாரம் என்று யாரும் காட்ட வேண்டாம். பழைய தரவு ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில், கணக்குத் தொடங்கினால் இலவசமாகக் கிடைக்கும், கோப்பாக எடுத்து ஸ்டெல்லேரியத்துக்குள் ஏற்றலாம். கொஞ்சம் சிரமமான வேலை, ஆனால் செய்துதான் ஆக வேண்டும்.

விமானத்துக்கு வேறு இடம்தான் போக வேண்டும். விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கிற ஏடிஎஸ்-பி சிக்னலைத் திரட்டித் தருகிற தளங்கள் இருக்கின்றன, ஆனால் இலவசமாகப் பின்னோக்கிப் பார்க்கிற காலம் குறைவு, ராணுவ விமானங்கள் பல நேரம் அதில் வரவே வராது. அதனால் தகவல் வந்த அன்றே அந்தப் பதிவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டமும் இது காட்டாது, வானிலைப் பதிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். எரிகற்கள் விஷயத்தில் பரவாயில்லை, எந்த எரிகல் மழை எந்த நாட்களில் என்பது இதிலேயே இருக்கிறது.

நிறுவியதும் வருகிற அமைப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். நகர வெளிச்சத்தில் நின்று பார்த்தவருக்கு அத்தனை நட்சத்திரம் தெரிந்திருக்காது, ஒளி மாசு அளவை அந்த இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். அடிவானத்தில் வருகிற புல்வெளிக் காட்சியும் எங்கோ பிரான்சில் எடுத்தது. சம்பவம் நடந்த இடத்திலேயே சுற்றிலும் படம் எடுத்து, அதையே அடிவானமாக ஏற்ற முடியும். முதல் தடவை உட்கார்ந்து செய்ய நேரம் பிடிக்கும்தான், ஆனால் தன் வீட்டு மொட்டைமாடியும் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் திரையில் வந்ததும் "இல்லை, தொட்டிக்கு இந்தப் பக்கம்" என்று சாட்சி தானாகவே துல்லியமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஆவி, அமானுஷ்யம் பக்கம் இருக்கிற உறுப்பினர்கள் இது தங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். நிலாவுக்காக. ஜன்னல் வழியாக நிலா வெளிச்சத்தில் ஓர் உருவம் தெரிந்தது என்றால், அந்த நேரம் நிலா இருந்ததா, எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்திருக்குமா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அதற்கு மேல் இதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் பொறியாளர் விக் டேண்டி 1998-ல் எழுதியது போல, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணமா என்று தேட வேண்டிய இடங்களுக்கு வேறு கருவி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது மென்பொருளின் குறை கிடையாது, நம் கையில் இருக்கிறது. ப்ரொஜெக்டரில் எல்லோர் முன்னாலும் போட்டு "பாருங்கள், வெள்ளிதான்" என்று சொன்னால் அந்த ஆள் திரும்ப வர மாட்டார், அவருக்குத் தெரிந்தவர்களும் வர மாட்டார்கள். தனியாக உட்கார வைத்து, மவுஸை அவர் கையில் கொடுத்து, அவரே நேரத்தை ஓட்டிப் பார்க்கட்டும். ஒத்துப்போனால் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். ஒத்துப்போகவில்லையா, கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தித் திரையைப் படமாகச் சேமித்து, விசாரணைக் கோப்பில் வையுங்கள். அந்தத் திசையில் அந்த நேரத்தில் கோளும் இல்லை, பிரகாசமான நட்சத்திரமும் இல்லை என்பதற்கு அந்தப் படம் ஒரு பதிவு. இப்படிச் சேர்ந்த சில கோப்புகள் எங்களிடம் இருக்கின்றன. கிளப்பில் நான் மிகவும் மதிப்பது அவற்றைத்தான்.

கைப்பேசிக்கும் ஸ்டெல்லேரியம் இருக்கிறது, சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வெளியே நின்று அந்த நிமிஷம் தெரிகிற ஒன்றைச் சரிபார்க்க நல்லது, ஆனால் கைப்பேசியின் திசைகாட்டி இரும்புக்குப் பக்கத்தில் தப்பாகக் காட்டும், அதை நம்பித் திசையைக் கோப்பில் எழுதாதீர்கள். உலாவியிலேயே ஓடுகிற பதிப்பும் ஒன்று இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும். விசாரணைக்கு மட்டும் கணினிப் பதிப்பைத்தான் பயன்படுத்துங்கள்.