எச்பி 3478ஏ-வா, 34401ஏ-வா? காலிபரேஷன் எதில் பத்திரம்?

ஆடியோ கேபிள் பற்றி ஆயிரம் பேச்சு உண்டு. அளந்து பார்த்தால் பாதி அடங்கிவிடும். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 7 மில்லி ஓம். 5 மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் போய்த் திரும்பினால் 70 மில்லி ஓம் பக்கம். சாதாரணக் கையடக்க மல்டிமீட்டரில் இதை நம்பி அளக்க முடியாது, புரோப் ஒயரின் ரெசிஸ்டன்ஸே இதை மூழ்கடித்துவிடும். நான்கு ஒயர் அளவீடு (இரண்டு ஒயரில் மின்னோட்டம், மற்ற இரண்டில் மின்னழுத்த அளவு, அதனால் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கணக்கில் வராது) உள்ள பெஞ்ச் மீட்டர், அதாவது மேசை மீட்டர், வேண்டும். புதிது கட்டுப்படியாகாதவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டு பழைய எச்பி மீட்டர்களிடம்: 1980-களின் 3478ஏ, 1990-களின் 34401ஏ. நான் எடுத்தது 34401ஏ. மறுபடி வாங்கினாலும் அதையே எடுப்பேன்.

திறனை வைத்து முடிவெடுக்காதீர்கள். திரையில் காட்டும் எண்ணில் 3478ஏ ஐந்தரை இலக்கம், 34401ஏ ஆறரை. ஏசி அளவீடு 3478ஏ-வில் 20 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை, 34401ஏ-வில் 3 ஹெர்ட்ஸ் முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆம்ப்ளிஃபயர் வேலைக்கு இரண்டும் தாராளம். சின்ன ஓம் அளப்பதிலும் 3478ஏ இளைத்ததல்ல: அதன் 30 ஓம் ரேஞ்சில் கடைசி இலக்கம் 0.1 மில்லி ஓம், 34401ஏ-வின் 100 ஓம் ரேஞ்சிலும் அதேதான். எதில் அளந்தாலும் நான்கு கிளிப்பையும் ஒரே புள்ளியில் கவ்வவைத்து, காட்டும் எண்ணைக் குறித்துக் கழித்துவிடுங்கள். 34401ஏ-வில் ‘நல்’ (Null) பட்டன் அந்தக் கழித்தலைச் செய்துவிடும். கேபிளின் கெபாசிட்டன்ஸ் இரண்டிலும் அளக்க முடியாது, அதற்கு எல்சிஆர் மீட்டர்தான்.

நான் பார்த்தது வேறொன்றை: காலிபரேஷன் எண்கள், அதாவது மீட்டரைச் சரியாகக் காட்டவைக்கும் திருத்தங்கள், எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன?

3478ஏ-வில் திருகிச் சரிசெய்யும் பிரிசெட் கிடையாது. எல்லாத் திருத்தமும் எண்களாக ஒரு ராமில் (RAM, மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவு வைக்கும் சிப்) இருக்கிறது. மெயின்ஸ் இல்லாதபோது அந்த ராமுக்கு உயிர் கொடுப்பது போர்டில் சோல்டர் செய்த ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் எண்களும் போயின. மீட்டர் ஆன் ஆகும், ஆனால் காட்டுவதை நம்ப முடியாது. ஒவ்வொரு ரேஞ்சையும் தர அளவுகோல்களை வைத்து மறுபடி திருத்த வேண்டும், அது வீட்டு மேசையில் ஆகிற காரியமல்ல.

பேட்டரியை மாற்றலாம். எனக்கு அதில் உள்ள பழக்கம் நண்பர் ஒருவர் மாற்றியபோது பக்கத்தில் இருந்தது மட்டுமே. முதலில் ஜிபிஐபி (GPIB, மீட்டரைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை இணைப்பு) வழியாக ராமில் உள்ளதைக் கணினிக்கு எடுத்து வைத்தார். பிறகு இரண்டு பென்டார்ச் செல்லை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பேட்டரிக்கு இணையாகத் தொடுத்தார். சோல்டரிங் அயர்னைச் சூடாக்கி, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பேட்டரியின் காலைத் தொட்டார். ஒரு கணம் ஷார்ட் ஆனாலும் எல்லாம் போய்விடும் என்பதால் இருவரும் பேசவே இல்லை.

34401ஏ-வில் இந்தக் கவலை இல்லை. பேட்டரி தேவைப்படாத நினைவகம், வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எண்கள் அப்படியே இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு, பழசு வாங்குபவருக்கு இது பெரிது: காலிபரேஷன் மெனுவில் ஒரு எண்ணி (கவுண்டர்) இருக்கிறது, யாராவது திருத்தங்களை மாற்றினால் அது ஏறும். கணினி வழியாக ஒரு சிறு குறிப்பும் எழுதிவைக்கலாம், கடைசியாகத் திருத்திய தேதி போல; அதை அதே மெனுவில் படிக்கலாம். மீட்டரை விற்கும்போது இந்த எண்ணையும், அது குறிக்கப்பட்ட கடைசிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பது வாங்குபவருக்கே தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். 34401ஏ-வின் பச்சை டிஸ்ப்ளே நாள் முழுக்க எரிந்த மீட்டர்களில் மங்கிப்போகிறது. வாங்குமுன் வெளிச்சமான அறையில் பாருங்கள். 3478ஏ எல்சிடி என்பதால் மங்கும் தொல்லை இல்லை, ஆனால் பின்னொளி இல்லாததால் இருட்டு மூலையில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். 34401ஏ-வின் காலிபரேஷனைப் பூட்டிவைக்கும் பாதுகாப்புக் குறியீட்டை முன்னவர் மாற்றியிருந்தால் கொஞ்சம் தலைவலிதான். அதை நீக்கும் வழி கையேட்டிலேயே இருக்கிறது, மூடியைத் திறக்க வேண்டும்.

ஜிபிஐபி அடாப்டர் ஏற்கெனவே கையில் இருந்து, 3478ஏ மலிவாகவும் வந்தால் வாங்குங்கள். கேபிள் அளக்கும் ஆசையை ஒரு நாள் தள்ளிவைத்து, முதல் வேலையாக அந்த ராமைக் கணினியில் எடுத்து வைத்துவிடுங்கள்.