இரட்டைக் குழந்தைகளுக்கான 'படுக்கை' வாங்கி ஏமாந்தேன்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வாக்கியம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மடியில் பெரியவள் கிடக்கிறாள், ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. அது இனி திரும்பாது என்று நேற்று மாலை தெரிந்துவிட்டது. பணம்கூட இருக்கட்டும், இரண்டு ராத்திரி என் பிள்ளைகளை அதில் படுக்க வைத்தேனே, அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. நடந்ததை முதலில் சொல்கிறேன். கடைசியில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று விவரமாகப் போடுகிறேன்.

எனக்கு இரட்டைப் பெண்கள். 35 வாரத்திலேயே வந்துவிட்டார்கள். பெரியவள் 2.1 கிலோ, சின்னவள் 1.8 கிலோ. தொட்டில், மெத்தை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சாவகாசமாக இருந்த நேரம். மருத்துவமனையில் இருந்தவரை கவலை இல்லை, இருவருக்கும் தனித்தனியாகத் தட்டையான சின்னப் பெட்டித் தொட்டில் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனால் எங்கே போடுவது? எங்கள் படுக்கையறை சின்னது. இரண்டு தொட்டில் போட்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது என்று என் கணவர் அளந்துவிட்டு வந்து சொன்னார்.

அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. குழந்தைப் பொருட்கள் மட்டும் விற்கும் ஆன்லைன் கடை. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் பதிவு காணாமல் போய்விடும் என்று ஏற்கெனவே பட்ட ஒருவர் சொன்னார். பொருள் இதுதான்: ஒரே மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம், சுற்றிலும் உப்பலான கரை, நடுவில் நீளமாக ஒரு திண்டு, தலைமாட்டுப் பக்கம் சரிவாக உயர்த்தியது. படத்தில் இரண்டு குழந்தைகள் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கின. அந்தப் படத்தைத்தான் நான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ராத்திரி பதினோரு மணிக்கு சாட்டில் போய்க் கேட்டேன். ஒரு பெண் வந்தாள். முதல் கேள்வியே, "அக்கா, பாப்பாங்க வெயிட் எவ்வளவு?" அதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் யார் ஜாடை, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். எடையைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் சொன்னாள்: "எனக்கும் ட்வின்ஸ்தான் அக்கா. ரெண்டு பேரும் இதுலதான் வளர்ந்தாங்க. வயித்துல ஒண்ணா இருந்தவங்களைப் பிரிச்சுப் போட்டா ஏங்கிடுவாங்க."

தையல் வலியோடு, மூன்று நாளாகத் தூங்காமல் இருப்பவளிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அழுதேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவைத்தேன், அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. "ராத்திரி முழுக்க இதிலேயே படுக்க வைக்கலாமா?" பதில்: "தாராளமா அக்கா, அதுக்குத்தானே செஞ்சது. தலை சரிவா இருக்கிறதால பால் கக்கினாலும் புரை ஏறாது." கார்டில் கட்டாமல் நேரடியாகக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி என்றாள். அனுப்பினேன். தள்ளுபடி போக அரை மாதச் சம்பளம். "ரெண்டு சாதா தொட்டிலே இதைவிடக் குறைவா வருமே" என்று இவர் ஒரு தடவை முனகினார். நான்தான் வாயை அடைத்தேன்.

முதல் ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ராத்திரி 2.40 மணி. பெரியவள் பாலுக்கு அழுதாள். சின்னவளிடம் சத்தமே இல்லை. விளக்கைப் போட்டால், சரிவில் வழுக்கிக் கீழே இறங்கியிருக்கிறாள், தாடை நெஞ்சில் போய் முட்டியிருக்கிறது, முகம் நடுத்திண்டில் புதைந்திருக்கிறது. நான் அவளைத் தூக்கியது நினைவில்லை. அவள் வீறிட்டு அழுததுதான் நினைவிருக்கிறது. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

விடியும்வரை இருவரையும் நாங்கள் மாறி மாறிக் கையிலேயே வைத்திருந்தோம். காலையில் உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று திருப்பியபோது, அடிப்பக்க ஜிப்புக்குள் நகத்தளவு எழுத்தில் ஒரு லேபிள். "குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும். தூங்க வைக்க அல்ல."

தூங்க வைக்க அல்ல! படத்தில் தூங்குகிற குழந்தை, விளம்பரத்தில் தூக்கம், சாட்டில் "அதுக்குத்தானே செஞ்சது", அடியில் மட்டும் உண்மை.

அன்று மதியமே குழந்தை மருத்துவரிடம் போனோம். போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதை முதலில் அறையை விட்டு வெளியே போடுங்கள்" என்றார். அவர் சொன்னதும் அதன்பிறகு நான் தேடிப் படித்ததும் கலந்து சொல்கிறேன். பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. சரிவில் போட்டால் தலை முன்னால் மடிந்து மூச்சுக்குழாய் மடங்கிவிடும். மெத்தென்ற பொருளில் முகம் அழுந்தினால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நாம் என்றால் திரும்பிப் படுப்போம், 1.8 கிலோவில் பிறந்தவள் எப்படித் திரும்புவாள்? குறைமாதம், குறைந்த எடை இரண்டுமே திடீர் சிசு மரண அபாயத்தைக் கூட்டுபவை, இரட்டையரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஆக, இந்தப் பொருள் யாருக்கு என்று சொல்லி விற்கப்படுகிறதோ அவர்களுக்குத்தான் அதிக ஆபத்து.

புரை ஏறும் கதையும் பொய். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கின பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். தலையை உயர்த்துவதால் எதுக்களிப்பு குறைவதும் இல்லை என்கிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் சரிவான தூக்கப் படுக்கை 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றது, குழந்தைகள் இறந்த பிறகு. 2021 செப்டம்பரில் உப்பலான கரை வைத்த சாய்வு மெத்தைகள் 33 லட்சம், எட்டுக் குழந்தைகள் இறந்த பிறகு. 2022-இல் அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள்: 10 டிகிரிக்கு மேல் சரிவான குழந்தைப் படுக்கையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பும் விற்கக் கூடாது. எனக்கு வந்த பொருளின் சரிவை இவர் போனை வைத்து அளந்தார். 17 டிகிரி.

இரண்டு பேரும் ஒன்றாகப் படுப்பதைப் பற்றி மட்டும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி, இரட்டையரானாலும் தனித்தனி இடம்தான் என்கிறது. பிரிட்டனில் லல்லபை டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு, முதல் சில வாரங்கள் ஒரே தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைப்பதை ஏற்கிறது. ஆனால் இருவருக்கும் நடுவில் தலையணை, சுருட்டிய துண்டு என்று எதுவும் வைக்கக் கூடாது, புரளத் தொடங்கினால் பிரித்துவிட வேண்டும் என்கிறது. நான் அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியதே அந்த நடுத்திண்டைத்தான்.

இனி கடைக்காரர்களின் கூத்து. அதே சாட்டில் போய், சின்னவள் கிடந்த நிலையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டியர் கஸ்டமர்" என்று பதில் வந்தது. பணம் கட்டும்வரை அக்கா, கட்டிய பிறகு டியர் கஸ்டமர். இரட்டையருக்குத் தாயான அந்தப் பெண்ணைக் கேட்டால், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார்கள். 48 மணி நேரத்தில் அழைப்பார்கள் என்றார்கள், அழைக்கவில்லை. நான் அழைத்தேன். லேபிள் தெரிகிற மாதிரி போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். அடுத்து வந்த ஆள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லேபிள்லயே தூங்க வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே மேடம், நீங்க ஏன் தூங்க வெச்சீங்க?"

என் கை நடுங்கியது. அவர்களை மாட்டவைக்க நான் அனுப்பிய போட்டோவை வைத்தே என்னை மாட்டிவிட்டார்கள்.

சாட் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். அது விற்பனையாளரின் ஆள், நாங்கள் வெறும் தளம்தான் என்றார்கள். விற்பனையாளருக்கு எழுதினேன். உறை பிரித்த சுகாதாரப் பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். உறை பிரிக்காமல் உள்ளே இருக்கும் லேபிளை எப்படிப் படிப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒற்றை நட்சத்திர ரிவ்யூ போட்டேன், "விதிமுறைக்கு உட்படவில்லை" என்று எடுத்துவிட்டார்கள். ஐந்து நட்சத்திரம் மட்டும் விதிமுறைக்கு உட்படும் போலிருக்கிறது. நேற்று மாலை கடைசியாக ஒரு மெயில்: புகார் முடித்துவைக்கப்பட்டது, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதக் கூப்பன். அரை மாதச் சம்பளத்துக்குப் பதில் கூப்பன்! கூடவே 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று குழந்தைத் தலையணைகளின் வரிசை.

சின்னவள் நெளிகிறாள். விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியாது போலிருக்கிறது. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெத்தை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. தொட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை வேண்டாம். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. உள்ளே விரிப்பைத் தவிர எதுவும் வேண்டாம், பொம்மைகூட. மல்லாக்கத்தான், பகல் தூக்கமும். உங்கள் அறையிலேயே, ஆனால் உங்கள் கட்டிலில் இல்லை. சோபாவில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயராதீர்கள், இரட்டைக்குப் பால் கொடுத்துக் களைத்த ராத்திரியில் அதுதான் நடக்கும், அது மிக ஆபத்து. தள்ளுபடி என்றால்கூடக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலாவது முறையிட்டிருப்பேன். வாங்கும் முன் லேபிளின் போட்டோ கேளுங்கள். தரவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அலமாரியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு சாதா தொட்டில் போட்டிருக்கிறோம். இரண்டும் சேர்ந்தே அதைவிடக் குறைவுதான், இவர் சொன்ன மாதிரி. 'பிரித்துப் போட்டால் ஏங்கிவிடுவார்கள்' என்றாளே, இரண்டும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகின்றன.

அந்தப் பொருளை வாசலில் வைத்திருந்தேன். மாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு அம்மா, "புதுசா இருக்கே, என் மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம், நான் எடுத்துக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அவர் முன்னாலேயே கத்திரிக்கோலால் கிழித்துக் குப்பையில் போட்டேன். லேபிளை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.