சாட்ஸ்வொர்த் பட்டாசுக் கடை: தீபாவளிக்கு வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் தீபாவளியை ஒட்டித் திறக்கப்படும் இந்தப் பட்டாசுக் கடையில் விலை மற்ற கடைகளைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் விற்கும் முறையில் நான் கண்ட பொறுப்பை எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உரிமம் கண்ணில் படும்படி சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. பதினாறு வயது நிரம்பாதவர்களுக்குப் பட்டாசு விற்கக் கூடாது என்ற விதியை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். கையில் பணத்தோடு தனியாக வந்த ஒரு சிறுவனை, "அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வா, தம்பி" என்று கடைக்காரர் கனிவாகத் திருப்பி அனுப்பினார். கட்டடத்துக்குள்ளும் பொதுத் தெருவிலும் பட்டாசு வெடிப்பதை 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தடுப்பதால், வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே ராக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார். வீடுகள் நெருங்கி நிற்கும் நம் பகுதியில் இந்த ஒரு கேள்வியே பல விபத்துகளைத் தவிர்க்கும். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. பெரிய ஓசை எழுப்பும் வெடிகளைக் கேட்டால்தான் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு நாய் மிரளுமே, முதியவர் தூக்கம் கெடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரும் உதவி.

குறை என்று சொன்னால் நேரத்தைப் பற்றியது. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி தீபாவளியன்று மாலை 7 மணி முதல் 10 மணி வரைதான் பட்டாசு வெடிக்க அனுமதிக்கிறது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, முதல் வெடியை வைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். 1860 முதல் இந்தியாவிலிருந்து, டர்பன் அமைந்துள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு அந்த அதிகாலை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடியதன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 மணி வரை என்று வரையறுத்தபோது, தமிழ்நாடு முறையிட்டு, அதே இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டது. மொத்த நேரம் கூடவில்லை, வழக்கமும் அற்றுப்போகவில்லை. இத்தகைய ஏற்பாட்டை நம் கோயில் சங்கங்கள் மாநகராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை விதி விதிதான்.

இவ்வளவு பொறுப்புள்ள கடை, அனுமதிக்கப்பட்ட நேரத்தை எங்கும் எழுதி வைக்காதது வருத்தமளிக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு சிறு சீட்டை ஒவ்வொரு பையிலும் போட்டுக் கொடுக்குமாறு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைகள் உள்ள வீட்டார் தயங்காமல் இங்கே வாங்கலாம்.